காடு வகுத்த ஹோண்டா

ஜப்பான் நாட்டின் தலைநகராகிய டோக்கியோ உலகின் மிகப் பெரிய நகரங்களுள் ஒன்றாகும். வானளாவிய மாளிகைகளும், இடையறாது ஓடும் மின்சார ரயில்களும், தேனீக்களைப் போல் திரளும் மக்களும் நிறைந்த அந்நகரின் உள்ளே ஒரு காடு இருக்கின்றது. ஹராஜுகு என்னும் ரயில் நிலையத்தில் இறங்கிச் சற்றே நடந்து, மரத்தால் அமைந்த உயர்ந்த வாயிலொன்றைக் கடந்தால், பகலிலும் இருள் செறிந்த மரக்கூட்டத்தினுள் புகுந்துவிடலாம். நகரின் ஆரவாரம் அங்கே அடங்கிவிடும். பறவைகளின் குரலே செவியில் விழும். முதன்முறை அங்குச் செல்வோர், தொன்றுதொட்டு இருந்துவரும் பழங்காடு ஒன்றினை நகரத்தார் அழியாமல் காத்து வருகின்றனர் என்றே எண்ணுவர்.

உண்மை வேறு. நூறாண்டுகளுக்குச் சற்று முன்னர் அவ்விடத்தின் பெரும்பகுதி வயலும் புல்வெளியும் சதுப்பு நிலமுமாகவே கிடந்தது. அங்கே ஒரு காடு மனிதர் கையால் நடப்பெற்றது. அதனை நடுவதற்கு வழி வகுத்தவர்களுள் தலையாயவர் ஹோண்டா செய்ரோகு என்னும் வனநூல் அறிஞர் ஆவர்.

ஹோண்டா 1866ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், டோக்கியோவுக்கு வடக்கேயுள்ள சைதாமா நாட்டில் கவராயி என்னும் சிற்றூரில் பிறந்தார். ஒரிஹரா என்பது அவர் பிறந்த குடியின் பெயர். அக்குடியினர் உழவர், ஊரில் நன்கு மதிக்கப்பெற்றவர். ஆயினும் செய்ரோகுவுக்கு ஒன்பது வயது நிரம்பியபொழுது தந்தையார் திடீரென்று இறந்தார். இருந்த செல்வம் கரைந்தது, கடன் மிஞ்சியது. சிறுவன் வயலில் உழைத்தான். வீட்டில் அரிசி குத்தினான். காலால் மிதித்து அரிசி குத்தும் பொறியின்மேல் நின்றவாறே, எதிரே நூலை விரித்து வைத்துக்கொண்டு படிப்பது அவன் வழக்கம். கால் ஒரு தொழில் செய்யக் கண் மற்றொரு தொழில் செய்தது. உழவுத் தொழில் ஓய்ந்திருக்கும் காலத்தில் டோக்கியோவுக்குச் சென்று, அறிஞர் ஒருவர் இல்லத்தில் ஏவல் செய்துகொண்டு கல்வி கற்றான். உழவுக்காலம் வந்ததும் ஊருக்குத் திரும்பினான்.

1884ஆம் ஆண்டில் டோக்கியோ வனப்பள்ளியில் அவர் சேர்ந்தார். காட்டின்மீது காதல் கொண்டு அப்பள்ளியை நாடினார் என்று சொல்வதற்கில்லை. குறைந்த செலவில் உயர்கல்வி பெற அது வழி தந்தது என்பதே காரணம். முதல் தேர்வில் கணிதத்தில் தோற்றார். தம் பொருட்டு வறுமையைப் பொறுத்திருந்த தாயையும் குடும்பத்தையும் நினைத்து, உயிர் வாழ்வதையே வெறுக்கும் அளவுக்கு மனம் நொந்தார். ஆயின் அத்துயரத்தினின்று மீண்டார். முன்னினும் பன்மடங்கு உழைத்தார். தம்மை வீழ்த்திய கணிதத்திலேயே பின்னர் முதன்மை பெற்றார். மாணவராக இருக்கும்பொழுதே 1889ஆம் ஆண்டில் ஹோண்டா குடும்பத்தில் மணமுடித்து, அந்நாட்டு வழக்கப்படி அக்குடும்பப் பெயரையே தம் பெயராக ஏற்றார். அவர்தம் மனைவியார் ஜப்பானில் மருத்துவத் தொழிலுக்கு உரிமை பெற்ற முதற்பெண்டிருள் ஒருவர் ஆவர்.

1890ஆம் ஆண்டில் ஹோண்டா ஜெர்மனிக்குக் கப்பலேறினார். வனநூல் அக்காலத்தில் ஜெர்மானியர் கையில் சிறந்து விளங்கியது. முதலில் சாக்சனி நாட்டின் தாரண்டு என்னும் ஊரிலிருந்த புகழ்பெற்ற வனக்கல்லூரியிலும், பின்னர் மியூனிக் பல்கலைக்கழகத்திலும் அவர் பயின்றார். நான்காண்டு தங்கிப் படிக்கக் கருதியே சென்றார். ஆனால் அவருக்குப் பொருள் அனுப்ப ஏற்பாடு செய்திருந்த வங்கி முறிந்தது. கையிலிருந்த பணம் இரண்டாண்டுக்கே போதும். உணவையும் உறக்கத்தையும் குறைத்து, நான்காண்டுப் படிப்பை இரண்டாண்டிலே முடித்து, 1892ஆம் ஆண்டில் டாக்டர் பட்டம் பெற்றார்.

ஜெர்மனியில் அக்காலத்து வனங்களைப் பற்றி ஈண்டு அறிந்துகொள்ளுதல் வேண்டும். சாக்சனி நாட்டார் மலைச்சரிவுகளில் இருந்த பழைய கலப்புக் காடுகளை நீக்கிவிட்டு, ஸ்புரூஸ் என்னும் ஊசியிலை மரம் ஒன்றையே வரிசை வரிசையாக நட்டிருந்தனர். அம்மரம் விரைந்து வளரும், நேராக நிற்கும், நல்ல விலை போகும். ஒரே நாளில் நட்டவற்றை ஒரே நாளில் வெட்டலாம். கணக்கெழுதுவோருக்கு இதனினும் எளிய காடு பிறிதில்லை. ஆயினும் அக்காடுகளில் வியத்தகு அமைதி குடிகொண்டிருந்தது. மரங்கொத்தி பொந்து குடைவதற்கு உளுத்த மரம் வேண்டும். இளமையிலேயே வெட்டப்படும் தோட்டத்தில் உளுத்த மரம் ஏது? மரங்கொத்தி இல்லையேல், அது விட்டுச் செல்லும் பொந்துகளில் குடியேறும் சிறு பறவைகளும் இல்லை. நெருங்கி நின்ற மரங்களின் அடியில் வெயில் படாமையால் புதரும் பழச்செடியும் முளைக்கவில்லை. பழம் உண்ணும் பறவைகள் வரவில்லை. பறவைகள் அருகிய அக்காடுகளில் புழுக்கள் பெருகிய ஆண்டுகளில் பேரழிவு நேர்ந்தது. மரப்பெட்டியால் செயற்கைப் பொந்து செய்து மரங்களில் தொங்கவிட்டுப் பறவைகளை அழைக்க வேண்டிய நிலையும் வந்தது. பெர்லெப்ஷ் என்னும் பிரபு துரிங்கியா நாட்டிலே இத்தகைய பெட்டிகளைச் செய்வித்துப் புகழ் பெற்றார். மற்றொருபுறம், மியூனிக் நகரில் கார்ல் காயர் என்னும் பேராசிரியர், பல இன மரங்களும் பல வயது மரங்களும் கலந்து நிற்பதே வலிய காடு என்று 1886ஆம் ஆண்டிலேயே நூல் எழுதியிருந்தார். வனநூலார் இரு கட்சியாகப் பிரிந்து வழக்கிட்டுக்கொண்டிருந்த காலத்தில் ஹோண்டா அங்கே மாணவராக இருந்தார்.

தாயகம் மீண்ட அவர் பல்கலைக்கழக ஆசிரியராகப் பணி ஏற்றார். வரும் வழியில் கனடா நாட்டில், இருப்புப்பாதையைப் பனிப்புயல் மூடாதிருக்க ஓரங்களில் மரம் வளர்த்திருப்பதைக் கண்டிருந்தார். அம்முறையைத் தம் நாட்டு ரயில்வேக்கு எடுத்துரைத்தார். 1893ஆம் ஆண்டில் வடகோடியிலுள்ள நொஹெஜி என்னும் ஊரில் பனி தடுக்கும் காடு நடப்பெற்றது. அது இன்றும் நிற்கின்றது. 1899ஆம் ஆண்டில் வனநூலில் ஜப்பானின் முதல் டாக்டர் ஆனார். 1903ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற ஹிபியா பூங்கா அவர் வகுத்ததே. சாலையை அகலப்படுத்த வெட்டவிருந்த முதிய கிங்கோ மரம் ஒன்றை, உயிரோடு பெயர்த்து அப்பூங்காவில் நட முடியும் என்று அவர் கூறினார். பிறர் நகைத்தனர். அம்மரம் பட்டுப்போனால் தம் தலையையே தருவதாகச் சூளுரைத்து வேலையைத் தொடங்கினார். மரம் தழைத்தது, தலையும் தப்பியது.

சம்பளத்தில் நான்கில் ஒரு பங்கைச் செலவு செய்யாமல் சேமிப்பது என்றும், நாள்தோறும் ஒரு பக்கமேனும் எழுதுவது என்றும் அவர் விரதம் பூண்டிருந்தார். முந்நூற்றெழுபதுக்கு மேற்பட்ட நூல்கள் இரண்டாம் விரதத்தின் பயன். பெருஞ்செல்வம் முதல் விரதத்தின் பயன்.

1912ஆம் ஆண்டில் மெய்ஜி பேரரசர் காலமானார். அவருக்கும் அவர்தம் அரசியாருக்கும் டோக்கியோவிலே கோயில் எழுப்ப வேண்டுமென்று மக்கள் விரும்பினர். யோயோகி என்னுமிடத்தில் அரச குடும்பத்துக்குரிய ஏறத்தாழ 70 ஹெக்டேர் நிலம் தேர்ந்தெடுக்கப்பட்டது. ஜப்பானியர் கோயிலைக் காடு சூழ்ந்திருத்தல் மரபு. காடில்லாத கோயில் கோயிலாகாது. ஆதலின் காடு ஒன்றை உண்டாக்கும் பொறுப்பு ஹோண்டாவிடமும், அவர் மாணவர்களாகிய ஹோங்கோ தகானோரி, உயெஹரா கெய்ஜி ஆகியோரிடமும் வந்தது.

முதலில் அவர் நிலத்தை ஆராய்ந்தார். அந்நாளில் டோக்கியோ நகரம் நிலக்கரிப் புகையால் மூடுண்டிருந்தது. நீராவி வண்டிகள் கோயில் நிலத்தின் ஓரமாகவே சென்றன. ஊசியிலை மரங்கள் அப்புகையைத் தாங்கமாட்டாமல் ஏற்கெனவே கருகி வந்தன. ஆகவே அம்மண்ணுக்கும் காற்றுக்கும் இயைந்தவை ஓக்கு, ஷீ, கர்ப்பூரம் முதலிய, ஆண்டு முழுதும் இலை உதிர்ந்து மொட்டையாகாத அகன்ற இலை மரங்களே என்று முடிவு செய்தார்.

இம்முடிவைத் தலைமை அமைச்சர் ஒகுமா ஷிகெநொபு ஏற்கவில்லை. ஈசே, நிக்கோ ஆகிய திருத்தலங்களிலே வானை முட்டி நிற்கும் சுகி மரங்களைக் கண்டு பழகிய அவர், பேரரசர் கோயிலைச் சூழ அத்தகைய சுகிக் காடே வேண்டும் என்றார்; அகன்ற இலை மரங்கள் வெறும் புதர்க்காடுபோலத் தோன்றும், அது கோயிலின் பெருமைக்குத் தகாது என்று கருதினார். அவர் நாட்டின் தலைமை அமைச்சர். மக்கள் போற்றும் முதியவர். ஹோண்டாவோ அரசாங்கச் சம்பளம் பெறும் ஆசிரியர். அமைச்சர் விரும்பியவாறே சுகிக் கன்றுகளை நட்டுவிட்டு, அவை பட்டுப்போகும்பொழுது புகையின்மீது பழி போடுவது எளிதாக இருந்திருக்கும். ஹோண்டா அதற்கு உடன்படவில்லை. அவர் சுகி மரத்துக்குப் பகைவரும் அல்லர்; ஏற்ற இடத்தில் அதனை நடுமாறு பிறர்க்குக் கூறி வந்தவரே. டோக்கியோவில் வளர்ந்த சுகி மரத்தையும் நிக்கோவில் வளர்ந்த சுகி மரத்தையும் அறுத்து, அவற்றின் ஆண்டு வளையங்களை அளந்து, நகரத்து மரம் எத்துணை நலிந்து வளர்கின்றது என்பதை எண்களால் காட்டினார் அவர் குழுவினர். எண்களோடு வழக்காட இயலாமல் முதியவர் இணங்கினார்.

அடுத்து, காட்டினை எவ்வாறு நடுவது என்ற வினா எழுந்தது. மனிதர் நட்டுப் பின் தீண்டாமல் விட்ட காடு எவ்வாறு மாறும் என்பதைக் காண, ஒசாக்காவை அடுத்துள்ள நின்தொகு மன்னரின் பழைய சமாதிக் குன்றை உயெஹரா ஆராய்ந்தார். அகழி சூழ்ந்த அக்குன்றில் பல நூற்றாண்டுகளாக மனிதர் கால் படவில்லை. மரங்கள் தாமே விழுந்து தாமே முளைத்திருந்தன. அதனை எடுத்துக்காட்டாகக் கொண்டு, நான்கு படிகளாகக் காடு வளரும் என்று மூவரும் வரைபடம் எழுதினர். முதலில் பழைய பைன் மரங்கள் உயர்ந்து நிற்கும், அவற்றின் கீழே பிற ஊசியிலை மரங்கள், அதற்கும் கீழே அகன்ற இலை மரங்களின் கன்றுகள், அடியில் புதர்கள். ஏறத்தாழ ஐம்பதாண்டில் பைன் மரங்கள் வீழ, ஊசியிலை மரங்கள் மேலோங்கும். நூறாண்டில் அவையும் தளர, ஓக்கும் ஷீயும் கர்ப்பூரமும் ஆட்சி பெறும். நூற்றைம்பது ஆண்டில், நட்டவை என்று சொல்ல முடியாதவாறு, விதையிலிருந்து தானே புதுப்பித்துக்கொள்ளும் காடு நிலைபெறும். வகுத்தவர் எவரும் காண முடியாத ஒரு நாளை நோக்கி வகுத்த திட்டம் அது.

நாடெங்கும் இருந்து மரங்கள் வந்து குவிந்தன. மக்கள் காணிக்கையாகத் தந்தவை ஏறத்தாழ ஒரு லட்சம். அவற்றின் இனங்கள் 365. பல ஊர்களினின்றும் இளைஞர்கள் குழுக்குழுவாக வந்து கூலி பெறாமல் மண் சுமந்தனர். 1920ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் கோயில் திறக்கப்பெற்றது. அதன் பின்னர் ஒரு விதி ஏற்பட்டது: காட்டினின்று எதனையும் எடுத்துச் செல்லலாகாது, பாதையில் விழும் சருகையும் காட்டுக்கே திருப்பித் தருதல் வேண்டும்.

மனிதர் வேலை அவ்வளவோடு பெரும்பாலும் முடிந்தது. பறவைகளின் வேலை அங்கே தொடங்கியது. கர்ப்பூர மரத்தின் கருநிறக் கனிகளையும், அடிப்புதர்களின் செந்நிறக் கனிகளையும் கொண்டைக்குருவி இனத்தைச் சேர்ந்த ஹியோடோரியும், வெள்ளைக்கண்ணியும், குளிர்காலத்தில் வடக்கேயிருந்து வரும் பூங்குருவி இனங்களும் விழுங்குகின்றன. சதை செரிக்க, விதை வேறோரிடத்தில் விழுகின்றது. எவரும் நடாத பனை இனச் செடிகள்கூட நிழலில் முளைத்திருப்பது இப்பறவைகளின் செயலே. ஷீ மரத்தின் கொட்டை கனமானது, காற்றால் பறக்காது, தாய்மரத்தடியில் விழுந்தால் நிழலில் நலியும். யமகாரா என்னும் சிறு குருவி அக்கொட்டைகளைப் பொறுக்கிக் குளிர்காலத்துக்காக மண்ணிலும் மரப்பட்டை இடுக்கிலும் ஒளித்து வைக்கும் இயல்புடையது. ஒளித்தவற்றுள் சிலவற்றை அது மீண்டும் எடுப்பதில்லை, அவை மரமாகின்றன.

காடு முதிர முதிரக் குடிகளும் மாறினர். மரங்கள் அடர்ந்த இடத்தில் வெட்டவெளியை விரும்பும் பறவைகளுக்கு இடமில்லை. அவை விலகுதல் காடு வளர்ப்பதில் உள்ள இழப்பேயாம். அதற்கு ஈடாக, உளுத்துப்போன முதிய மரங்களைத் தேடிக் கொகெரா என்னும் சிறு மரங்கொத்தி வந்தது. காட்டின் வடபால் குளத்தில் வண்ணச் சிறகுடைய ஓசிதோரி வாத்துகள் குளிர்காலத்தைக் கழிக்கின்றன. பெரிய வல்லூறு அங்கே கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றது. வல்லூறு வாழ்வதற்குப் புறாவும் பிற பறவைகளும் நிறைய வேண்டும். அவை வாழ்வதற்குக் கனியும் புழுவும் வேண்டும். ஆதலின் ஒரு வல்லூற்றின் கூடு அதன் கீழுள்ள அனைத்துக்கும் சான்றாக அமைகின்றது.

ஹோண்டா இவற்றையெல்லாம் காணவில்லை. அறுபது வயதில் பல்கலைக்கழகப் பணியினின்று ஓய்வு பெற்றபொழுது, சேர்த்த செல்வத்தில் பெரும்பகுதியைப் பொதுப்பணிக்கே வழங்கிவிட்டார். 1930ஆம் ஆண்டில் சிசிபு மலையிலிருந்த தம் காட்டைச் சைதாமா மாவட்ட அரசுக்கு ஈந்தார்; அதன் வருவாய் ஏழை மாணவர் கல்விக்கு உதவ வேண்டும் என்பது அவர் விருப்பம். 1945ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் வானூர்திகள் பொழிந்த தீக்குண்டுகளால் கோயில் எரிந்து சாம்பலாயிற்று. சுற்றியிருந்த காடோ பெரும்பாலும் தப்பியது. நீர் நிறைந்த அகன்ற பசிய இலைகளில் தீ எளிதில் பற்றாது. 1952ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில், தம் எண்பத்தைந்தாம் வயதில், இதோ என்னும் கடற்கரை ஊரில் ஹோண்டா காலமானார். அவர் நட்ட காட்டுக்கு அப்பொழுது வயது முப்பதுக்கு மேல்.

அவர் மறைந்த பின்னர் ஜப்பான் நாடெங்கும் காடு நடும் பெருமுயற்சி மூண்டது. போரினால் அழிந்த வீடுகளைக் கட்ட மரம் வேண்டியிருந்தது. அகன்ற இலைக் காடுகளை வெட்டிவிட்டுச் சுகியையும் ஹினோக்கியையும் மலை மலையாக நட்டனர். இன்று அந்நாட்டுக் காடுகளில் ஏறத்தாழ நான்கு பங்கு பத்தில் இவ்வாறு நட்டவையே. பரப்பு ஒரு கோடி ஹெக்டேர். பின்னர் வெளிநாட்டு மரம் மலிவாக வந்தமையால் பல தோட்டங்கள் வெட்டப்படாமலும் களைந்து விடப்படாமலும் கிடந்தன. நெருக்கத்தால் அடிநிலம் இருண்டது, பறவைகள் அருகின, வசந்த காலத்தில் சுகியின் மகரந்தம் காற்றில் கலந்து நகர மக்களைத் தும்மலாலும் கண்ணரிப்பாலும் வருத்துகின்றது. இடையிடையே மரங்களை வெட்டி வெயில் விழச் செய்து, அகன்ற இலை மரங்கள் தாமே முளைக்க விட்ட தோட்டங்களில் பறவைகள் மீண்டும் வருவதை ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர். நட்ட காடு என்பதனாலேயே ஒன்றைப் பறவைகள் வெறுப்பதில்லை போலும்.

2011ஆம் ஆண்டு முதல் 2013ஆம் ஆண்டு வரை, கோயிலின் நூறாண்டு நிறைவை முன்னிட்டு, ஏறத்தாழ 150 அறிஞர்கள் அக்காட்டை ஆராய்ந்தனர். 365 இன மரங்களுள் ஏற்காதவை மறைந்து 234 இனங்கள் எஞ்சியிருந்தன. செடி, பூச்சி, காளான், மீன், பறவை யாவும் சேர்ந்து 2,840 வகை உயிர்கள் கணக்கிடப்பெற்றன. நூற்றைம்பது ஆண்டில் நிகழும் என்று ஹோண்டாவும் அவர் மாணவரும் எழுதிய நிலையைக் காடு தொண்ணூறு ஆண்டிலேயே ஏறக்குறைய அடைந்திருந்தது. அவர்கள் கணக்கு அவ்வளவில் பிழைபட்டது.

கோயிலுக்குச் செல்லும் அகன்ற பாதையில், நாள்தோறும் விடியற்காலையில் ஆடவர் சிலர் நீண்ட துடைப்பங்களோடு வருகின்றனர். இரவில் உதிர்ந்த சருகுகளைக் கூட்டிக் குவித்து, ஒன்றும் விடாமல் எடுத்துச் சென்று, மரங்களின் அடியில் பரப்புகின்றனர். அவர்கள் அகன்றதும் பறவைகள் இறங்கி வந்து அச்சருகைக் கிளறத் தொடங்குகின்றன.